சுயசரிதையா, வாழ்க்கை வரலாறா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கறவங்க, எழுதணும்னு நினைக்கறவங்க, பரீட்சைக்குத் தயார் பண்றவங்கன்னு பல பேர்கிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க ஒண்ணா சேர்த்திருக்கேன். சிலதுக்கு ரெண்டு வரி போதும், சிலது நீளமா போகும், அதெல்லாம் நீளமா சொன்னாத்தான் புரியும்.

முதல்ல சுருக்கமா சொல்லுங்க, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

தன் வாழ்க்கையைத் தானே எழுதினா சுயசரிதை, தன்வரலாறுன்னும் சொல்லுவாங்க. ஒருத்தர் வாழ்க்கையை இன்னொருத்தர் எழுதினா வாழ்க்கை வரலாறு. ஆட்டோபயோகிராபி, பயோகிராபின்னு இங்கிலீஷ்ல சொல்றதும் இதேதான். பரீட்சைக்கு இது போதும். ஆனா படிக்கறவங்களுக்கு இது போதாது, ஏன்னா யார் எழுதினாங்கங்கறதை வெச்சு அந்தப் புத்தகத்துக்கு எது எட்டும் எது எட்டாதுன்னே மாறிடுது, நிஜமான வித்தியாசம் அங்கதான் இருக்கு.

"நான்"னு எழுதியிருந்தா சுயசரிதை, "அவர்"னு எழுதியிருந்தா வாழ்க்கை வரலாறு, அவ்வளவுதானே?

பெரும்பாலும் சரியா வரும், ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. ஜூலியஸ் சீசர் "கால்"ங்கற நாட்டுல (இன்னைக்கு பிரான்ஸ் இருக்கற பகுதி) தான் நடத்தின போரைப் பத்தி எழுதினப்ப தன்னையே "சீசர் இப்படிச் செஞ்சார்"னு மூணாவது ஆள் மாதிரிதான் எழுதினார். இதுக்கு நேர் எதிரா 1933ல அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் தன்னோட வாழ்ந்த ஆலிஸ் டோக்லாஸ் பேர்ல, அவங்க குரல்ல, "நான்"னு போட்டு ஒரு "சுயசரிதை" எழுதினாங்க, அதுல பெரும்பகுதி ஸ்டைனைப் பத்தித்தான். நாவல்லயும் "நான்" வருது. அதனால வாக்கியத்துல இருக்கற "நான்"ஐ விட்டுட்டு, அட்டையில பேர் இருக்கற ஆளும், உள்ள கதை சொல்ற ஆளும், அந்தக் கதையை வாழ்ந்த ஆளும் ஒரே ஆள்தானான்னு பாருங்க. மூணும் ஒண்ணா இருந்தா அது சுயசரிதை.

யாருக்கு அதிகம் தெரியும்? வாழ்ந்தவருக்குத்தானே?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, எல்லாரும் "ஆமா"ன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடறாங்க.

வாழ்ந்தவருக்கு உள்ள நடந்தது தெரியும். பயந்தது, பொறாமைப்பட்டது, வெளிய சிரிச்சுட்டு உள்ள நொந்தது எல்லாம் அவர் சொன்னாத்தான் உண்டு. ஆனா அவருக்குத் தெரியாததும் நிறைய இருக்கு. தான் பிறந்ததே அடுத்தவங்க சொல்லித்தான் அவருக்குத் தெரியும். தான் இல்லாத ரூம்ல தன்னைப் பத்தி என்ன பேசினாங்க, தனக்கு வேலை கொடுத்தவர் ஏன் கொடுத்தார், தன் நண்பர் இன்னொருத்தருக்கு எழுதின கடிதத்துல தன்னைப் பத்தி என்ன இருந்துச்சு, இது எதுவும் தெரியாது. தன்னோட முடிவும் தெரியாது. எந்த சுயசரிதையும் வாழ்க்கை முடியறதுக்கு முன்னாடியே நின்னுதான் ஆகணும்.

வாழ்க்கை வரலாறு எழுதறவர் நிலைமை அப்படியே தலைகீழ். அவர்கிட்ட கடிதம், பதிவேடு, பழைய பத்திரிகை, பத்து பேர் சொன்ன பத்து விதமான நினைவு எல்லாம் இருக்கும், அதுல யாரோ ஒருத்தர் தப்பா சொல்றார்னு கண்டுபிடிக்க முடியும், சாவு வரைக்கும் அதுக்கப்புறமும் எழுத முடியும். உள்ள மட்டும் போக முடியாது. "அன்னைக்கு ராத்திரி அவர் தூக்கம் வராம யோசிச்சார்"னு ஒரு வரலாற்றுல படிச்சா, இது இவருக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க. டைரியோ கடிதமோ ஆதாரமா இருந்தா சரி. இல்லேன்னா அது கற்பனை.

ஒரே எழுத்தாளர் ரெண்டும் எழுதியிருக்காங்களா? ஒப்பிட்டுப் பார்க்க நல்லா இருக்குமே.

தமிழ்ல அதுக்கு உ.வே.சாமிநாதையரை விட நல்ல உதாரணம் இல்ல. தன் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட சரித்திரத்தை 1933, 1934ல ரெண்டு பாகமா வெளியிட்டார். அப்புறம் 1940ல இருந்து ஆனந்த விகடன்ல "என் சரித்திரம்" தொடரா எழுதினார். அவர் பிள்ளைகிட்ட பாடம் கேட்ட 1871ல இருந்து 1876 வரைக்குமான காலம் ரெண்டுலயும் வருது. அதே ஆசிரியர், அதே மாணவர், எழுதின கையும் அதேதான்.

பிள்ளை பிறந்தது 1815. உ.வே.சா. போய்ச் சேர்றப்ப அவருக்கு ஐம்பத்தஞ்சு வயசு தாண்டியாச்சு, கூட இருந்தது கடைசி அஞ்சு வருஷம் மட்டும்தான். அதுக்கு முன்னாடி இருந்த அவ்வளவு பெரிய வாழ்க்கையை இவர் கண்ணால பார்க்கல. பிள்ளை வாயால கேட்டது, மத்த மாணவர்களும் பழகினவங்களும் சொன்னது, கிடைச்ச பாட்டு, கடிதம் இதையெல்லாம் சேர்த்துத்தான் கட்டணும். அதனால அந்தப் புத்தகத்துல மாணவர் ஒரு ஓரமா நிக்கறார், ஆசிரியர் நடுவுல இருக்கார். "என் சரித்திரம்"ல அதே ஆசிரியர் ஒரு பையனோட கண்ணு வழியா வர்றார். வீட்டுல வெச்ச பேர் வேங்கடராமன், கூப்பிடறது சாமிநாதன், பிள்ளைக்கு ரெண்டாவதுதான் பிடிச்சுது, அதுவே நிலைச்சுடுச்சு. ஆசிரியர் ஒருநாள் பேர் கேட்டது அந்தப் பையனுக்கு வாழ்க்கை முழுக்க கூட வர்ற விஷயம், ஆசிரியரோட வரலாற்றுல வெச்சுப் பார்த்தா பல மாணவர்கள்ல ஒருத்தரோட பேர், அவ்வளவுதான்.

இன்னொரு இடம் சொல்றேன். 1880 அக்டோபர் 21, கும்பகோணத்துல முன்சீபா இருந்த சேலம் ராமசாமி முதலியாரை உ.வே.சா. பார்க்கப் போறார். யார்கிட்ட படிச்சீங்கன்னு கேட்கறார். பிள்ளை பேரைச் சொன்னா முகம் மலரும்னு இவர் எதிர்பார்க்கறார், மலரல. என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு அடுத்து கேட்கறார், இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவைன்னு வரிசையா அடுக்கறார். அவர் அசையவே இல்ல, இதனால என்ன பிரயோஜனம்ங்கற மாதிரி கேட்டுட்டு சிந்தாமணி படிச்சிருக்கீங்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம்னு கேட்கறார். இவர் அதெல்லாம் பார்த்ததே இல்ல. இன்னொருத்தர் எழுதியிருந்தா "ராமசாமி முதலியாரைச் சந்தித்த பிறகு பழைய இலக்கியங்கள் பக்கம் கவனம் திரும்பியது, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்"னு ஒரே வரியில முடிஞ்சிருக்கும், அது உண்மையும்கூட. ஆனா ஒவ்வொரு நூல் பேரைச் சொல்லும்போதும் ஏறின பெருமை எப்படி ஒவ்வொரு படியா இறங்குச்சுங்கறது அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும்தான் தெரியும். சுயசரிதைன்னு ஒண்ணு எதுக்கு வேணும்னு யாராவது கேட்டா நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

அந்த சுயசரிதை முடியாம நின்னுடுச்சுன்னு சொல்றாங்களே?

ஆமா. 1942 ஏப்ரல் 28ல அவர் இறந்துட்டார். எழுதினது 122 அத்தியாயம், கதை கிட்டத்தட்ட 1899 வரைக்கும்தான் வந்திருந்துச்சு, புத்தகமா வந்தது 1950ல. அந்த 1899க்கு அப்புறமும் அவர் நாற்பது வருஷத்துக்கு மேல வாழ்ந்திருக்கார், நிறைய சங்க நூல் பதிப்பு அந்தக் காலத்துலதான் வருது, அதெல்லாம் அவர் வாயால நமக்குக் கிடைக்கல. அவரோட மாணவர் கி.வா.ஜகந்நாதன் "என் ஆசிரியப்பிரான்"னு எழுதினார், தான் ஆசிரியருக்குச் செஞ்சதை தனக்கு ஒரு மாணவர் செஞ்ச மாதிரி ஆச்சு. சுயசரிதை எங்க நின்னுதோ அங்க இருந்து இன்னொருத்தர் எடுத்துட்டுப் போறது உலகம் முழுக்க நடக்கறதுதான்.

சுயசரிதைல இருக்கறது எல்லாம் உண்மைதானே, அவரே சொல்றாரே?

அவருக்கு ஞாபகம் இருக்கற உண்மை. ஐம்பது வயசுல உட்கார்ந்து பத்து வயசைப் பத்தி எழுதறப்ப அந்த ஐம்பது வயசுக்காரர்தான் எதை எடுக்கறது எதை விடறதுன்னு முடிவு பண்றார். காந்தி "சத்திய சோதனை"யை குஜராத்தியில 1925ல இருந்து நவஜீவன் பத்திரிகையில தொடரா எழுதினார், அப்ப அவருக்கு 55 தாண்டியாச்சு. திருட்டுத்தனமா மாமிசம் சாப்பிட்டது, அப்பா உயிர் போற நேரத்துல பக்கத்துல இல்லாம போனது, இதெல்லாம் வெளிப்படையா சொல்றார். ஆனா அது எல்லாத்தையும் "சோதனை"ங்கற ஒரு நூல்ல கோர்த்துத்தான் சொல்றார், அந்த நூல்ல வராத காந்தியும் உண்டு. 1921 வாக்கில நிறுத்திடறார், இதுக்கு மேல என் வாழ்க்கை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்னு காரணமும் சொல்றார். உப்பு சத்தியாகிரகத்தை அதுல தேடினா கிடைக்காது, அது நடந்தது 1930ல.

பொய் சொல்றாங்கன்னு சந்தேகப்பட்டுக்கிட்டே படிக்கச் சொல்லல. எதைப் பத்திப் பேசவே மாட்டேங்கறார்னும் சேர்த்துப் பாருங்க, அவ்வளவுதான். மனைவியைப் பத்தி ஒரு பக்கம் கூட இல்லாம முந்நூறு பக்கம் எழுதினவங்க உண்டு.

அப்ப வாழ்க்கை வரலாறுதான் நடுநிலையா இருக்குமா?

அப்படியும் இல்ல. யார் எழுதச் சொன்னாங்க, யார் பேப்பர் கொடுத்தாங்க, யார் கோவிச்சுக்குவாங்க, இதெல்லாம் எழுத்துல தெரியும். குடும்பத்துக்காரங்க கேட்டு எழுதினதுல கடன், சண்டை, குடி காணாம போயிடும். தொண்டர் எழுதினா தலைவருக்குத் தோல்வியே இருக்காது.

ஒரே வம்சத்துல ரெண்டு பேரைப் பாருங்க. பாபர் தன் கதையைத் தானே துருக்கியில எழுதினார். தோத்த போர், குடிச்ச ராத்திரி, புதுசா கல்யாணம் ஆனப்ப மனைவிகிட்ட போகவே கூச்சப்பட்டது எல்லாம் வருது. ஹிந்துஸ்தானத்துல இருக்கறப்ப ஒரு முலாம்பழத்தை அறுத்துச் சாப்பிடறார், காபூல் ஞாபகம் வந்து அழுதேன்னு எழுதறார், ஒரு பேரரசர். அவர் பேரன் அக்பரோட வரலாறை அக்பர் உத்தரவுப்படி அபுல் ஃபசல் எழுதினார். ஆவணம், தேதி, நிர்வாகம்னு அவ்வளவு தகவல் இருக்கு, அந்தக் காலத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா அதை விட்டா வழியில்ல. ஆனா அதுல அக்பர் முலாம்பழத்தைப் பார்த்து அழ மாட்டார், அரசவைக்காரர் தன் அரசரை அப்படி எழுத முடியாது. இவ்வளவுக்கும் அபுல் ஃபசல் அக்பர் முடிவையும் பார்க்கல, 1602ல அவரைக் கொன்னுட்டாங்க, அக்பர் இறந்தது 1605ல.

உயிரோட இருக்கறவங்களைப் பத்தி வாழ்க்கை வரலாறு எழுதலாமா?

தாராளமா. காந்தியைப் பத்தி முதல் வாழ்க்கை வரலாறு 1909ல வந்துச்சு, தென்னாப்பிரிக்காவுல இருந்த ஜோசஃப் டோக்ங்கற பாதிரியார் எழுதினது. காந்தி அப்ப மகாத்மாவும் இல்ல, தண்டி யாத்திரையும் இல்ல, நாற்பது வயசு வக்கீல். பின்னாடி வந்தவங்க எல்லாருக்கும் கதை எங்க போய் முடியும்னு தெரியும், டோக்குக்குத் தெரியாது, அதனாலயே அந்த மாதிரி புத்தகத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

ஒருத்தரைப் பத்தி எழுத அவர் அனுமதி வாங்கணுமா?

இந்தியாவுல இதுக்கு முக்கியமான தீர்ப்பு 1994ல உச்ச நீதிமன்றம் கொடுத்தது, ஆட்டோ சங்கர் வழக்குன்னுதான் பலரும் சொல்லுவாங்க. மரண தண்டனைக் கைதியா இருந்த அவர் எழுதின சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடப் போறப்ப அதிகாரிகள் தடுக்கப் பார்த்தாங்க. பொது ஆவணங்கள்ல இருக்கற அளவுக்கு ஒருத்தர் வாழ்க்கையை அவர் அனுமதி இல்லாமயே வெளியிடலாம், அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள்ள போனா தனியுரிமை மீறலாகி அதுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், வெளிவர்றதுக்கு முன்னாடியே அரசு தடை போட முடியாதுன்னு கோர்ட் சொல்லுச்சு.

இதோட சேர்த்து எழுதறவங்க பலரும் கவனிக்காத ஒண்ணு, கடிதம். உங்க கையில இருக்கற கடிதத் தாள் உங்களது, ஆனா அதுல இருக்கற வாசகத்துக்குக் காப்புரிமை எழுதினவருக்கு, அவர் இல்லேன்னா அவர் வாரிசுக்கு. முழுக் கடிதத்தையும் அச்சுல போடறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

டைரி, நினைவுக் குறிப்பு எல்லாம் சுயசரிதையில சேருமா?

உறவுக்காரங்க, ஆனா வேற வேற. டைரி எழுதறவருக்கு நாளைக்கு என்ன நடக்கும்னு தெரியாது, சுயசரிதை எழுதறவருக்கு எல்லாம் தெரிஞ்சாச்சு. புதுச்சேரியில பிரெஞ்சுக்காரங்ககிட்ட துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736ல இருந்து டைரி எழுதினார், 1761ல அந்த ஊர் இங்கிலீஷ்காரங்க கையில விழறதுக்குச் சில நாள் முன்னாடி இறந்துட்டார். முடிவு தெரியாம எழுதின பதட்டம் அதுல அப்படியே இருக்கு, எந்த சுயசரிதையிலயும் அதை வரவழைக்க முடியாது.

நினைவுக் குறிப்புங்கறது வாழ்க்கையில ஒரு பகுதி, இல்ல ஒரு ஆளைப் பத்தின ஞாபகம். புதுச்சேரியில பாரதி இருந்த காலத்துல சின்னப் பொண்ணா அவர்கூடப் பழகின யதுகிரி அம்மாள் பின்னாடி எழுதினது நல்ல உதாரணம். ஒரு பொண்ணோட நினைவும் அதுதான், பாரதி வரலாறு எழுதறவங்களுக்கு ஆதாரமும் அதுதான்.

கவிதையில சுயசரிதை உண்டா?

உண்டு. பாரதியோட "கனவு" அப்படித்தான், சின்ன வயசுக் காதல், பிடிக்காத இங்கிலீஷ் படிப்பு, அப்பா சொத்து போனது எல்லாம் பாட்டா வருது. வ.உ.சி.யும் தன் வாழ்க்கையைச் செய்யுளாத்தான் எழுதினார். 1641ல பனாரசிதாஸ்ங்கற ஜைன வியாபாரி பிரஜ் மொழியில எழுதின "அர்த்தகதானக்"கும் செய்யுள்தான். மனுஷ ஆயுசு 110, எனக்கு 55, அதனால இது பாதிக் கதைன்னு பேர் வெச்சார்.

வேற ஒருத்தர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தா அது எந்தக் கணக்கு?

குரலும் நினைவும் அவரோடது, வாக்கியம் இன்னொருத்தரோடதுன்னா சுயசரிதைன்னுதான் சொல்லுவாங்க. அப்துல் கலாம் 1999ல அருண் திவாரியோட சேர்ந்து எழுதினது தமிழ்ல "அக்னிச் சிறகுகள்"னு வந்துச்சு, ரெண்டு பேர் பேரும் இருக்கு, அது நேர்மை. மால்கம் எக்ஸ் சொல்லச் சொல்ல அலெக்ஸ் ஹேலி எழுதினார், புத்தகம் வர்றதுக்குள்ள 1965 பிப்ரவரில மால்கமைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. ஹேலி பின்னுரையா தன் பேர்லயே அந்தச் சாவை எழுதினார், அதனால ஒரே அட்டைக்குள்ள சுயசரிதையும் ஒரு துண்டு வாழ்க்கை வரலாறும் இருக்கு. எழுதிக் கொடுத்தவர் பேரை மறைக்கறதுதான் எனக்குச் சரியா படல, படிக்கறவங்களுக்குத் தெரியணும்.

உண்மை வாழ்க்கையை வெச்சு எடுத்த படம், நாவல்?

ரெண்டுலயும் சேராது. சம்பவத்தை மாத்தலாம், ரெண்டு ஆளை ஒரு ஆளாக்கலாம், அந்த உரிமை அதுக்கு உண்டு. அதை ஆதாரமா காட்டாதீங்க.

ஒருத்தரைப் பத்தி ரெண்டும் இருந்தா எதை முதல்ல படிக்கறது?

நான் சுயசரிதையைத்தான் முதல்ல சொல்லுவேன். அவரோட குரல் காதுல ஏறிட்ட பிறகு வாழ்க்கை வரலாறைத் திறந்தா, அவர் ஒரே வரியில தாண்டின ஒரு வருஷத்துக்கு இங்க நாற்பது பக்கம் இருக்கும், அந்த இடத்துலதான் சுவாரஸ்யமே. மாத்திப் படிச்சா சுயசரிதையை ஒரு சாட்சி வாக்குமூலம் மாதிரி சரிபார்த்துக்கிட்டே இருப்பீங்க, மனுஷன் கிடைக்க மாட்டார். ஆனா அந்த ஆளோட காலம், நாடு எதுவுமே தெரியலேன்னா மட்டும் முதல்ல ஒரு சின்ன வாழ்க்கை வரலாறு படிச்சுட்டுப் போங்க.

எங்க தாத்தா வாழ்க்கையை எழுதணும்னு ஆசை, எதுல எழுதறது?

நீங்க எழுதினா அது வாழ்க்கை வரலாறு. அவர் உயிரோட இருந்தா முதல்ல அவரைப் பேச விடுங்க, போன்ல ரெக்கார்டு பண்ணுங்க, நடுவுல திருத்தாதீங்க. "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க"ன்னு கேட்டா எல்லாரும் ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடுவாங்க. "முதல் சம்பளத்தை யார்கிட்ட கொடுத்தீங்க", "அந்த வீட்டுல தண்ணி எங்க இருந்து வரும்"னு சின்னதா கேளுங்க, அதுல இருந்து தானா நீளும். அப்புறம் அவர் சொன்ன வருஷத்தை சர்டிபிகேட், பத்திரம், பழைய போட்டோ பின்னாடி எழுதியிருக்கற தேதியோட ஒத்துப் பாருங்க. பாட்டிகிட்டயும் அவர் தம்பிகிட்டயும் தனித்தனியா கேளுங்க, ஒண்ணா உட்கார வெச்சா ஒருத்தர் சொல்றதுக்கு மத்தவங்க தலையாட்டிடுவாங்க.

அவர் குரல்லயே "நான்"னு எழுதணும்னு தோணினா எழுதலாம், ஆனா அவர்கிட்ட படிச்சுக் காட்டி, இது நான் சொன்னதுதான்னு அவர் ஒத்துக்கணும், தொகுத்தது நீங்கன்னு முதல் பக்கத்துல போடணும். அவர் இல்லேன்னா அந்த "நான்" வேண்டாம், உங்க குரல்லயே எழுதுங்க. ஒரு சம்பவத்தைத் தாத்தா ஒரு மாதிரியும் பாட்டி வேற மாதிரியும் சொன்னா, எது சரின்னு ஆதாரம் கிடைக்காத பட்சத்துல ரெண்டையும் யார் சொன்னதுன்னு பேர் போட்டு அப்படியே எழுதிடுங்க.